அக்கா பொண்ணும் அறுபதாயிரம் ரூபாய் கோர்ஸும்

என் அக்கா பொண்ணுக்கு வயசு பத்து. ரயிலில் போனால் எதிரே வரும் பெட்டியின் நம்பரைப் பார்த்து, மூணால் வகுபடும், ஏழால் வகுபடாது என்று சொல்லிக்கொண்டே வருவாள். இத்தனை நாள் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

போன மாசம் ஆன்லைன் கோர்ஸ் விற்கும் கம்பெனியிலிருந்து ஒருத்தர் வீட்டுக்கு வந்து இலவசத் தேர்வு வைத்தார். பத்துக்குப் பத்து. "சார், உங்க பாப்பா ஜீனியஸ். பன்னிரண்டு வயசுல பத்தாங்கிளாஸ் கணக்கு போடுவா" என்றாராம். ரெண்டு வருஷ கோர்ஸ், அறுபதாயிரம். மாசம் 2,500 கட்டினால் போதும், வட்டி கிடையாது. அத்தான் அந்தப் பேப்பரை என்னிடம் நீட்டி, "நீ பி.காம் தானே, பார்த்துச் சொல்லுடா" என்றார். மூணு வருஷத்தில் என் படிப்புக்குக் கிடைத்த முதல் மரியாதை :-)

படித்தால், அது சேர்க்கைப் படிவமே இல்லை. கடன் ஒப்பந்தம். ஒரு நிதி நிறுவனம் மொத்தப் பணத்தையும் கம்பெனிக்கு இப்போதே கொடுத்துவிடும். அத்தான் 24 மாசம் அந்த நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். மூணாவது மாசம் பாப்பா "போரடிக்குது" என்று எழுந்து போனாலும் தவணை போகாது. கட்டாமல் விட்டால் அத்தானின் சிபில் ஸ்கோர் அடி வாங்கும்.

பாதியில் விடமாட்டாள் என்று யார் சொல்ல முடியும்? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களைப் பற்றி 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தது சுமார் 3 சதவீதம். காசு கட்டி சான்றிதழுக்குப் பதிந்தவர்களிலேயே 46 சதவீதம்தான். அவர்கள் பெரியவர்கள், தாங்களாகவே சேர்ந்தவர்கள்.

அந்தப் பத்துக்குப் பத்து விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் அதைத்தான் கொண்டாடினார்கள். எனக்கு அதுதான் இடித்தது. எல்லாமே சரியாக வந்தால் கணக்கு அவளுக்குச் சின்னது என்று அர்த்தம். அடுத்த வகுப்புப் பாடத்தை முன்னாடியே நடத்துவதும் அதே கதைதான், ஆறாங்கிளாஸ் பாடமும் அவளுக்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங் தளத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ருசிக் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளைகளை அவசரமாகக் கால்குலஸுக்குத் தள்ளாதீர்கள், இருக்கிற இடத்திலேயே கஷ்டமான கணக்காகக் கொடுங்கள் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி.

அந்தத் தளத்தில் அல்குமஸ் என்று ஒன்று இருக்கிறது. இலவசம். சரியாகப் போட்டால் அடுத்த கணக்கு கடினமாகும். என் லேப்டாப்பில் அவளை உட்கார வைத்தேன். முதல் நாள் பன்னிரண்டில் ஏழு தப்பு. பென்சிலை விட்டெறிந்து அழுதாள். அக்கா என்னை முறைத்தாள்: "நல்லா படிக்கிற பிள்ளைய அழ வைக்கிறியேடா."

கொஞ்சம் என் தப்பும் இருந்தது. நிக்கல், டைம் என்று கேள்வியில் வந்தது அவளுக்குப் புரியவில்லை. அமெரிக்காவின் ஐந்து செண்ட், பத்து செண்ட் காசுகள் என்று யாருக்குத் தெரியும்? அதைச் சொன்னதும் ரெண்டு கணக்கு தானாக வந்துவிட்டது. மறுநாள் நான் காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, "மாமா, லேப்டாப் குடு, அந்த அஞ்சாவது கணக்கு எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்று நிற்கிறாள். ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தாளாம்!

காசே செலவழிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அல்குமஸ் விடையை மட்டும்தான் பார்க்கும், வழியைப் பார்க்காது. அவள் பாதிக் கணக்கை மனசிலேயே போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுகிறவள். அவள் எழுதியதை வரி வரியாகப் படித்து "இது எப்படி வந்தது?" என்று கேட்கிற ஓர் ஆள் வேண்டும். ஆன்லைனோ அடுத்த தெருவோ, அந்த ஆளுக்கு மாசாமாசம் கொடுக்கலாம். வேண்டாமென்றால் அடுத்த மாசம் நிறுத்திக்கொள்ளலாம். கம்பெனிக்காரரிடம், விடைத்தாளை யார் திருத்துவார்கள் என்று கேட்டேன். "ஆப்பே திருத்திடும் சார்" என்றார் பெருமையாக.

அத்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேப்பர் டிவி மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் மறுபடி வருகிறார், என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.