பாட்டு விளைந்தது, சீட்டு எங்கே?

திருச்சி காந்தி மார்க்கெட் இரவில் தூங்குவதில்லை. ஊர் அடங்கிய பிறகுதான் லாரிகள் வந்து நிற்கின்றன. தக்காளி, வெங்காயம், கத்தரிக்காய் என்று மூட்டை மூட்டையாக இறங்குகின்றன.

மூட்டை மண்டிக்குப் போகிறது. தராசில் ஏறுகிறது. எடை சொல்கிறார்கள்; விலை சொல்கிறார்கள். கமிஷன் போக மிச்சம் இவ்வளவு என்று சீட்டு எழுதுகிறார்கள். விலை குறைந்தால் விவசாயி வருத்தப்படுவார். சண்டை கூடப் போடுவார். ஆனால் எடை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்பது அவர் கையில் உள்ள சீட்டில் இருக்கிறது.

அதே மார்க்கெட்டில் பாட்டும் ஒலிக்கிறது. டீக்கடையில் ஒலிக்கிறது. மூட்டை தூக்குகிறவரின் செல்போனில் ஒலிக்கிறது. பாட்டும் ஒரு விளைச்சல்தான். அதை விளைவித்தவர் கைக்கு என்ன சீட்டு வருகிறது?

சினிமாவை நம்பாமல் தாமே பாட்டு எழுதி வெளியிடும் இளைஞர்கள் இன்று பெருகி வருகிறார்கள். அவர்களையும், அவர்கள் வீட்டாரையும் வாட்டும் கேள்வி இதுதான்.

தபால் கார்டில் போன பாட்டு

மார்க்கெட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே வளர்ந்தவர் ரங்கராஜன். 1931ல் பிறந்தவர். சிறு வயதில் படம் வரைவதில் ஆசை. ஓவியர் மாலியைப் போல ஆக வேண்டும் என்று நினைத்தார். பள்ளித் தோழர் ஒருவர், "மாலி" போல இவருக்கு "வாலி" என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நண்பர்களோடு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். திருச்சி வானொலிக்கு எழுதினார். முருகன் மேல் ஒரு பாட்டு எழுதினார். அதைத் தபால் கார்டில் எழுதி, பாடகர் டி. எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பி வைத்தார். அவரே மெட்டுப் போட்டுப் பாடினார். கார்டில் போன பாட்டு ஊரெல்லாம் பரவியது.

பிறகு சென்னைக்குப் போனார். வாய்ப்பு எளிதில் வரவில்லை. மனம் சோர்ந்து, சினிமா வேண்டாம் என்று கிளம்பவும் துணிந்தார். அந்த நேரத்தில், 1962ல் வந்த "சுமைதாங்கி" படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டு ஒன்றை பி. பி. ஸ்ரீநிவாஸ் அவருக்குப் பாடிக் காட்டினார். அதைக் கேட்டதும் வாலி மனம் மாறினார், சென்னையிலேயே தங்கிவிட்டார். 1963ல் "கற்பகம்" வந்தது. வாலிக்கு வாழ்வும் வந்தது.

அந்தக் காலத்தில் பாட்டு எழுதிப் பிழைக்க வேண்டுமானால், பெரும்பாலோருக்கு ஒரே வாசல்தான். அது சினிமா வாசல். அது திறக்கும் வரை பசியோடு காத்திருக்க வேண்டும்.

பாட்டி சொன்ன கதை

இன்று அந்த வாசலில் நிற்க வேண்டியதில்லை. செல்போன் ஒன்று போதும். பாட்டு உலகமெல்லாம் போய்விடும்.

அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு இதற்கு நல்ல உதாரணம். 2019ல் "தெருக்குரல்" என்ற பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார். அவருடைய பாட்டி இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். பாட்டி சொன்ன கதைகள் பேரனின் பாட்டுக்கு விதையாயின.

2021 மார்ச்சில் "எஞ்சாயி எஞ்சாமி" வெளிவந்தது. அறிவும், தீ என்ற பாடகியும் பாடினார்கள். இசை அமைப்பில் பங்கு கொண்டவர் திருச்சிக்காரரான சந்தோஷ் நாராயணன். சினிமாவில் வராத அந்தப் பாட்டை ஜனங்கள் கோடிக்கணக்கான தடவை கேட்டார்கள். குழந்தைகள் கூடப் பாடினார்கள்.

பாட்டு வென்றது. ஆனால் பேச்சு கிளம்பியது. எழுதி, மெட்டமைத்து, பாடியவன் நானே என்று 2022ல் அறிவு சொன்னார். மற்ற இருவரும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். 2024ல் சந்தோஷ் நாராயணன் இன்னொரு விஷயத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். அந்தப் பாட்டினால் தங்கள் மூவருக்கும் அதுவரை வருமானமே வரவில்லை என்றார்.

இது ஒரு தரப்பின் சொல். ஆனால் இவ்வளவு புகழ்பெற்ற பாட்டுக்கே இந்தப் பேச்சு என்றால், பெயர் தெரியாத இளைஞரின் பாட்டுக்கு என்ன கதி?

பல கை மாறும் பணம்

மண்டியில் தராசு கண் எதிரே இருக்கிறது. பாட்டு வியாபாரத்தில் தராசு எங்கோ இருக்கிறது. எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கு செயலி நடத்தும் கம்பெனியிடம் இருக்கிறது. ஒரு தடவை கேட்டால் கிடைப்பது பைசாக் கணக்குதான். அந்தப் பணமும் நேரே வருவதில்லை. விநியோகிப்பவர், வெளியிடுபவர் என்று பல கை மாறி வருகிறது.

வெளியிடுபவர் பக்கமும் நியாயம் உண்டு. ஒலிப்பதிவு, படப்பிடிப்பு, விளம்பரம் எல்லாவற்றுக்கும் அவர் பணம் போடுகிறார். போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பார். "வருமானத்தில் பங்கு" என்று எழுதியிருந்தால் வேறு. "லாபத்தில் பங்கு" என்று எழுதியிருந்தால் வேறு. லாபம் என்றால், செலவெல்லாம் கழிந்த பிறகே பங்கு வரும். ஒரு சொல்லில் எவ்வளவு வித்தியாசம்!

சட்டம் தரும் பாதுகாப்பு

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. சொல்லும் மெட்டும் ஒன்று. ஒலிப்பதிவு மற்றொன்று. சொல் எழுதியவருடையது, மெட்டு அமைத்தவருடையது. ஒலிப்பதிவு பெரும்பாலும் பணம் போட்டவருடையது.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது. 2012ல் அது திருத்தப்பட்டது. எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமை கிடைத்தது. அந்த உரிமையை வெளியாருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. வாரிசுக்குக் கொடுக்கலாம், வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். அத்தகைய சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். 1969 முதல் இருக்கிறது.

எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. வாலி 2013ல் காலமானார். அவர் எழுத்துக்கு 2073 முடிய பதிப்புரிமை உண்டு. ஆகவே, இது பேரன் பேத்தி வரை போகும் சொத்து. நிலப் பத்திரம் போலப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் சட்டம் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டாது. பாட்டு பிறந்த அன்றே, யார் எழுதியது, யார் மெட்டு, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நண்பர்கள்தானே என்று விடக் கூடாது. உரிமையை ஒருவருக்குக் கொடுப்பதானால் அதுவும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். கணக்கை எப்போது காட்டுவார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த இளைஞர்கள் கேட்பது மாளிகை அல்ல. பாட்டின் கீழே தங்கள் பெயர். கையில் ஒரு கணக்கு. காந்தி மார்க்கெட்டுக்கு ஒரு கூடை கத்தரிக்காய் கொண்டு வருகிறவருக்குக் கூட சீட்டு கிடைக்கிறது. பாட்டைக் கொண்டு வருகிறவரும் அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.