குழாய் வந்தது, விஷம் போயிற்றா?

தர்மபுரி ஜில்லாவின் பல கிராமங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. வேப்பங்குச்சிக்கும் போகாது, பற்பொடிக்கும் போகாது. அது அழுக்கல்ல. பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் முன்பே, அந்தப் பிள்ளைகள் குடித்த தண்ணீர் செய்த வேலை!

அது பாறைப் பூமி. பாறையிலுள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை பொய்த்து, கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு கீழே போகப் போக, பல இடங்களில் இந்த உப்பும் கூடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு மேலான நீரை வருஷக் கணக்கில் குடித்தால் பல்லோடு நிற்காது. மூட்டு இறுகும், முதுகு வளையும், கால் கோணும். கோணிய எலும்பை நிமிர்த்த மருந்து கிடையாது. "காய்ச்சிக் குடியுங்கள்" என்று உபதேசிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும்!

இந்த நோய் எல்லோரையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. வெயிலில் கல் உடைப்பவனும் களை எடுப்பவளும் அதிகம் தண்ணீர் குடிக்கிறார்கள். பாலும் சத்துள்ள சாப்பாடும் இல்லாத உடம்பில் விஷம் சுலபமாக ஏறுகிறது. புதிதாகக் கண்டுபிடித்த நோயும் அல்ல. 1937லேயே, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல்தான் அடிக்கல் விழுந்தது. அதே வருஷம் கர்நாடகத் தேர்தலை முன்னிட்டுத் திட்டம் ஒத்திப் போடப்பட்டது. ஓட்டுக்காகக் குடிதண்ணீரை வைத்து இரு மாநில ஜனங்களையும் மோதவிட்டவர்களை நாம் மறக்கவில்லை. கடைசியில் ஜப்பான் கடனோடு, சுமார் 1,928 கோடி ரூபாயில், 2013 மே மாதம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஜில்லாக்களுக்கும் காவிரி வந்தது. இதை வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஜனங்கள் போராடிப் பெற்றது அது.

ஆனால் மேல்நிலைத் தொட்டிக்குள் நடப்பது என்ன? ஆற்றுத் தண்ணீர் போதாத இடங்களில் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆற்று நீரில் 0.5, கிணற்று நீரில் 3 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.75! காவிரியின் பெயரில் பழைய விஷமே குழாயில் வருகிறது. வசதியுள்ளவர் கேன் தண்ணீர் வாங்குகிறார். கூலிக்காரர் எதை வாங்குவார்? தொட்டி இயக்கும் ஊழியரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. சொற்பச் சம்பளத்துக்கு வால்வைத் திருப்புகிற அவரிடம், ஆற்று நீர் எவ்வளவு வரும் என்று முடிவு செய்யும் அதிகாரம் இல்லை.

கக்கூஸ் விஷயத்துக்கு வருவோம். 12,000 ரூபாய் மானியம் கொடுத்துவிட்டு, 2019 அக்டோபர் 2ல் கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளி மலங்கழிப்பு ஒழிந்தது என்று பிரகடனம் செய்தார்கள். தண்ணீர் ஊற்றாமல் கக்கூஸ் ஏது? குடத்தை இடுப்பில் சுமந்துவரும் பெண் முதலில் அடுப்புக்குத்தான் ஊற்றுவாள். அதனால்தான் விறகு அடுக்கிய, ஆடு கட்டிய கக்கூஸ்களைப் பார்க்கிறோம். ஜனங்களுக்குச் சுத்தம் தெரியாது என்று பேசும் கனவான்கள் ஒரு வாரம் குடம் சுமந்து பார்க்கட்டும்! இரட்டைக் குழி வெட்டியிருந்தால் ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாற்றலாம். நிறைந்தது மக்கி எருவாகும். ஒரே குழியோடு வேலையை முடித்தால் அது நிறையும் நாளில் இறங்கப் போவது யார்? அதற்கும் ஒரு ஜாதியைத்தானே கூப்பிடுகிறார்கள்! 1993லும் 2013லும் தடைச் சட்டங்கள் போட்ட பிறகும் இந்த அநியாயம்!

ஜல் ஜீவன் திட்டம் 2019ல் ஆளுக்குத் தினம் 55 லிட்டர் என்றது. 2024 என்ற கெடு 2028க்குப் போய்விட்டது. குழாய்களை எண்ணினால் போதாது. எந்தத் தொட்டியில் எத்தனை மில்லிகிராம் என்பதை ஒவ்வொரு மாதமும் சோதித்து, பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போட வேண்டும். கலப்பதை நிறுத்தி, ஆற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும், கிணற்று நீரைக் கக்கூஸுக்கும் துவைக்கவும் என்று தனித்தனிக் குழாயில் விட வேண்டும். தொட்டி ஊழியர்களுக்கும் துப்புரவு ஊழியர்களுக்கும் நிரந்தர வேலையும் முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுமுன் நம் தொட்டியின் சோதனை முடிவைக் கேளுங்கள். முடிவு இல்லை என்றால், அதையே தீர்மானமாக எழுதச் சொல்லிக் கலெக்டருக்கு அனுப்புங்கள்.