‘எனக்கு இது வராது’ என்பதற்கு முன்

கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிப் பொறியியலுக்கு வந்தவர்கள்கூட முதலாமாண்டு இன்ஜினியரிங் கிராபிக்ஸில் திணறுவதுண்டு. சாய்த்து வைத்த கூம்பு மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும்? சூத்திரத்தை மனப்பாடம் செய்து இதற்கு விடை எழுத முடியாது. பொருளை மனத்துக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்க்க வராதவர், பிறவியிலேயே தனக்கு அந்தத் திறன் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

அமெரிக்காவின் ஷெரில் சோர்பியும் அப்படித் திணறியவர்தான். மற்ற பாடங்களில் கெட்டிக்காரரான அவருக்குக் கல்லூரியில் வரைபடப் பாடம் மட்டும் பிடிபடவில்லை. பின்னாளில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தைக் கற்பிக்கும் பேராசிரியரானார். 1993-இல் புதிய மாணவர்களுக்கு உருவங்களைத் திருப்பிப் பார்க்கும் தேர்வு ஒன்றை வைத்து, 60 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்குத் தனி வகுப்பு தொடங்கினார். அவர்களில் பெண்களின் விகிதம் அதிகம். வகுப்பு முடித்தவர்கள் அடுத்துவந்த வரைபடப் பாடங்களில் தேறினார்கள். திறன் பிறவியிலேயே நிர்ணயமாகிவிடுகிறது என்ற வாதம் அங்கேயே ஆட்டம் கண்டது.

மனத்துக்குள் உண்மையிலேயே ஏதாவது சுழல்கிறதா? 1971-இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் கனசதுரங்களால் கட்டிய உருவங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒன்றா, வேறா என்று கேட்டார்கள். கோண வேறுபாடு கூடக்கூட, விடை சொல்லும் நேரமும் சீராகக் கூடியது. நொடிக்குச் சுமார் 60 பாகை என்ற வேகத்தில் மனம் உருவத்தைத் திருப்புவதுபோல் இருந்தது.

மனத்தில் படமே தோன்றாதவர்களும் உண்டு. அதனால் அவர்கள் தோற்றுவிடுவதில்லை. ‘இங்கிருந்து இரண்டு கட்டை மேலே, பிறகு ஒன்று வலப்பக்கம்’ என்று எண்ணிக்கொண்டே போனாலும் விடை கிடைக்கும்.

பயிற்சி பலன் தருமா என்று 217 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை, தரும் என்றது. கற்றது நிலைக்கவும் செய்கிறது. ஆனால், திரையில் மவுஸை இழுத்து உருவத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தால் வேலையைக் கணினி பார்த்துவிடும், மூளை வேடிக்கை பார்க்கும். சோர்பியின் வகுப்பில் கனசதுரக் கட்டைகளும் பென்சிலும்தான் பிரதானம். கட்டைகளை அடுக்கி, முப்பரிமாணத் தோற்றத்தை வரைய உதவும் ஐசோமெட்ரிக் தாளில் கையால் வரைய வேண்டும். அதே அடுக்கு பின்புறமிருந்து எப்படித் தெரியும் என்று முதலில் ஊகித்து வரைந்து, அதன் பிறகே திருப்பிச் சரிபார்க்க வேண்டும்.

அவர் வைத்த தேர்வில் 30 கேள்விகள்தான். நம் பொறியியல் கல்லூரிகள் சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே இப்படியொரு தேர்வை வைத்து, பின்தங்குபவர்களுக்குக் கட்டைகளையும் வரைதாளையும் கொடுக்க வேண்டும். அரியர் விழுந்த பிறகு ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதைவிட அதற்கு ஆகும் செலவு குறைவு.