உப்புக் காற்றில் ஒரு கான்டெசா

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அனுமந்தை சுங்கச்சாவடி பக்கம் நின்றால் போதும், கார் கண்காட்சிக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் டிபன் சாப்பிடுவதற்கென்றே சென்னையிலிருந்து கிளம்பிய வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தரையோடு தரையாக ஒட்டிப்போகும் ஜெர்மன் கார்கள் வரும். எப்போதாவது ஒரு ஃபோர்டு மஸ்டாங், வயிற்றுக்குள் இடி உருளுவதுபோல் உறுமிக்கொண்டு வரும். பசங்க செல்போனைத் தூக்குவார்கள். பெரியவர்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால், நான்கு வட்ட விளக்குகளும் நீளமான மூக்குமாக ஒரு பழைய கான்டெசா வந்து நின்றால் கதையே வேறு. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஐம்பதைத் தாண்டிய யாராவது ஒருவர் கிட்டே போவார். "எந்த வருஷ மாடல் சார்?" என்று ஆரம்பிப்பார். "எவ்வளவுக்குப் புடிச்சீங்க?" என்பது இரண்டாவது கேள்வி. "குடுக்குற ஐடியா இருக்கா?" என்பது மூன்றாவது.

அமெரிக்காவில் 'மசில் கார்' என்று ஒரு ஜாதி உண்டு. நடுத்தர அளவு கார், அதற்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின், நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலை. இவ்வளவுதான் சூத்திரம். 1964 மாடலாக வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நடுத்தரக் கார்களில் இவ்வளவு பெரிய இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே ஒரு விதி வைத்திருந்தது. போன்டியாக் பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? தனி மாடல் என்று சொல்லாமல், விருப்பப்பட்டவர்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் 'ஆப்ஷன்' என்று 6.4 லிட்டர் இன்ஜினை உள்ளே நுழைத்துவிட்டார்கள். மேலிடத்துக்கு விஷயம் உறைப்பதற்குள் கார் விற்பனையில் பிய்த்துக்கொண்டு போனது.

அதே 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு தன் மஸ்டாங்கை அறிமுகம் செய்தது. தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே 22,000 பேர் பதிவு செய்தார்கள். (மஸ்டாங் அசல் மசில் கார் இல்லை, 'போனி கார்' என்று வாதாடும் ஆட்கள் உண்டு. டீக்கடையில் அந்த வித்தியாசம் செல்லாது.)

அந்த அறிமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒரு மஸ்டாங்கை வாங்கிவிட்டார், சிகாகோவைச் சேர்ந்த 22 வயது பள்ளி ஆசிரியை ஒருவர். கூரை மடக்கும் கார் வேண்டும் என்று ஷோரூமுக்குப் போனவரிடம், பின்பக்கம் துணி போட்டு மூடி வைத்திருந்த வானநீல வண்டியை விற்பனையாளர் காட்டினாராம். பார்த்ததும் முடிவு செய்துவிட்டார். பணத்துக்கு அப்பாவிடம் கடன். பதினைந்து ஆண்டு ஓடியபின் 1979-இல் வண்டி மக்கர் பண்ண, கணவர் அதை ஷெட்டில் நிறுத்தினார். அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்ற அந்த 'அடுத்த வாரம்' வருவதற்கு இருபத்தேழு வருடம் ஆனது! பணி ஓய்வுக்குப் பிறகுதான் பழுதுபார்த்தார். அமெரிக்காவில் முதன்முதலாக விற்ற மஸ்டாங் அதுதான் என்பதே பிறகுதான் தெரியவந்தது.

நம்மூருக்கு மஸ்டாங் அதிகாரப்பூர்வமாக வந்தது 2016-இல். அதற்குள் ஐம்பது வருடம் ஓடிவிட்டது. தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங் வைத்த மஸ்டாங் 2015-இல்தான் முதல்முறையாகத் தயாரானது. அது ஒரு காரணம். முழுக் காராக இறக்குமதியானதால் நூறு சதவீதச் சுங்க வரி. அமெரிக்காவில் ஏறக்குறைய 33,000 டாலரில், அதாவது அன்றைய கணக்கில் 22 லட்சம் ரூபாயில் தொடங்கிய ஜி.டி. மாடல், இங்கே டெல்லி ஷோரூம் விலையாக 65 லட்சம் ஆனது. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலை என்பதுதானே அந்தக் காரின் உயிர்? கப்பலில் ஏறும்போதே அந்த உயிர் போய்விட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு தொழிற்சாலை இருந்தும் மஸ்டாங்கை அங்கே தயாரிக்கவில்லை.

அதனால் நம்மூர் ஆசை வேறு பக்கம் போனது. அதற்குக் கிடைத்த வண்டிதான் இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெசா.

பிரிட்டனில் வாக்ஸால் நிறுவனம் விற்று முடித்த ஒரு மாடலின் அச்சுகளையும் கருவிகளையும் விலைக்கு வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரித்து, 1984-இல் விற்பனைக்கு விட்டார்கள். அம்பாசடர், பத்மினி, புதிதாக வந்த மாருதி 800 இவற்றுக்கு நடுவே கான்டெசா நின்றால் யானைக்குட்டி நின்ற மாதிரி இருக்கும். நீண்ட பானெட், அகலமான பின்சீட், பின்சக்கர ஓட்டம். தொண்ணூறுகளின் தமிழ்ப் படங்களில் வில்லன் இறங்கி வரும் கார் என்றால் பாதி நேரம் இதுதான்.

ஆனால் பானெட்டைத் திறந்தால் சிரிப்பு வரும். உள்ளே இருந்தது அம்பாசடர்காரர்களுக்குப் பழக்கமான அதே 1,489 சி.சி. பழைய பிரிட்டிஷ் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். இன்றைய ஆல்ட்டோ கே10 அதைவிடப் பலசாலி. பயில்வான் உடம்பு, ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்கும்! எண்பதுகளின் பிற்பாதியில் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தபிறகுதான் கான்டெசாவுக்கு உண்மையான மூச்சு வந்தது. ரசிகர்கள் தேடுவதும் அந்த 'கிளாசிக்' மாடலைத்தான்.

இதே விளையாட்டைச் சென்னைக்காரர்களும் ஆடினார்கள். பெருங்களத்தூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் விட்ட ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் காருடைய உடம்பு. அங்கே அதில் எட்டு சிலிண்டர் இன்ஜின் கிடைத்தது. இங்கே போட்டது காலாவதியான நான்கு சிலிண்டர். மூன்றே வருடத்தில் கதை முடிந்தது. கான்டெசா 2002 வரை தாக்குப்பிடித்தது. இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிச் சுங்கச்சாவடியோடு இன்றைய உருவத்துக்கு வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். ஓட ரோடு வந்தபோது ஓட வேண்டிய கார் போய்விட்டது.

அப்படியிருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? மரக்காணம் பக்கத்துக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சின்ன வயதில் உப்பளத்து வரப்பில் நின்று, உப்பு வியாபாரியின் வெள்ளை கான்டெசா புழுதி கிளப்பிப் போவதைப் பார்த்தவர். இப்போது சொந்தமாக லாரி ஓட்டுகிறார், கையில் கொஞ்சம் காசு. புதுக் கார் வாங்கலாம். ஆனால் மனதில் ஓடிக்கொண்டிருப்பது அந்த வெள்ளைக் கார்தான்.

"ஓடாத வண்டிக்கு இவ்ளோ பணமாங்க? பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், ஞாபகம் இருக்கா?"

"ஓடும்மா. ஓட வச்சிடலாம்."

இந்த இரண்டு வரி பேச்சு நடக்காமல் எந்த வீட்டுக்கும் பழைய கார் வந்ததில்லை. மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. காரின் விலை முதல் தவணைதான். செலவு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

முதல் எதிரி துரு. கடலோரத்தில் கிடந்த வண்டி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். உப்புக் காற்றின் ஈரம் கதவின் அடிவிளிம்பிலும், சக்கர வளைவின் உள்ளேயும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் தங்கி அரித்துவிடும். மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். கீழே தகடு இருக்காது, வெறும் பட்டிதான் இருக்கும். அனுபவசாலிகள் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தோடு போவார்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை என்று அர்த்தம். கால்மிதி விரிப்பைத் தூக்கிப் பார்க்கவிடாத ஆளிடம் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. இன்ஜினுக்கு மெக்கானிக் கிடைப்பார். அரித்துப்போன தளத்துக்கு டிங்கர் வேலை பார்த்து மாளாது.

இரண்டாவது எதிரி காகிதம். ஆர்.சி. புக் இருபது வருடம் முன்பு காலமான தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுகள் பெயருக்கு மாற்றாமல் அதை வாங்க முடியாது. கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் ஆர்.சி.யில் இன்னும் இருக்கும், கம்பெனி இழுத்து மூடியிருக்கும். அந்த எச்.பி.யை ரத்து செய்ய யாரிடம் கையெழுத்து வாங்குவது? வெளிமாவட்ட வண்டி என்றால் என்.ஓ.சி. பதினைந்து வருடம் தாண்டியதால் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கான அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. பழங்கால வண்டிகளுக்கான 'விண்டேஜ்' பதிவு கிடைக்காதா என்றால், 2021-இல் வந்த விதிப்படி அதற்கு ஐம்பது வயது நிறைய வேண்டும். முதல் கான்டெசாவுக்கே அந்த வயது 2034-இல்தான். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது. காகிதம் சரியில்லாத கார் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதுதான் சரி.

மூன்றாவது, உதிரிபாகம். சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் ஏறி இறங்க வேண்டும். வேறு பெரிய இன்ஜினைத் தூக்கி வைத்து நிஜ மசில் காராக்கிவிடலாம் என்ற சபலம் பலருக்கு வரும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்ஜின் நம்பர் ஆர்.சி.யிலேயே இருப்பதால் அனுமதி இல்லாமல் மாற்றினால் இன்சூரன்ஸும் கைவிடும். ஐம்பது குதிரையோடு அமைதியாகக் குடும்பம் நடத்துவது மேல்.

வண்டி மேல் கொண்ட பித்து நம்மூருக்குப் புதிதும் அல்ல. கோவை ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதற்காகவே ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை முந்நூறு ரூபாய்க்கு வாங்கினார் என்பார்கள். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அவர் பஸ் விட்டதற்கு முன்கதை அதுதான். அவர் பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகம் இன்று கோவையில் இருக்கிறது.

லாரிக்காரருக்கு வருவோம். ஒன்றரை வருட அலைச்சலில் எல்லாம் முடிந்து, வெள்ளை கான்டெசா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்றே வையுங்கள். ஞாயிறு காலை குடும்பத்தோடு புதுச்சேரி. பின்சீட்டில் மாமியார் கால் நீட்டி உட்கார்ந்து, "பரவால்ல, பஸ்ஸு மாதிரி இடம் இருக்கு" என்கிறார். அனுமந்தையில் யாரோ ஒருவர் வந்து வருஷ மாடல் கேட்கிறார். போதாதா?

சாயங்காலம் திரும்பியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். கடற்காற்றில் போய்வந்த வண்டியின் அடிப்பாகத்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கரையோரத்துப் போர் தண்ணீரிலேயே உப்பு இருந்தால் அது ஆகாது. கேன் தண்ணீர் வரும்.

"நாங்க குடிக்கறதுக்கு ஒரு கேன் போதும்னு சொல்வீங்க. இதுக்கு ரெண்டா?"

அவர் பதில் சொல்லாமல் காருக்கு அடியில் படுத்துக்கொள்கிறார்.