ஏட்டுச் சுரைக்காயும் நான்கு மோட்டார்களும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பழமொழி. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் அடிக்கடி நினைவில் கொள்ள வேண்டிய மொழி இது. ஃபிளெமிங்கின் இடக்கை விதியைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் ஒரு சிறு மோட்டாரைக் கையில் கொடுத்து, ‘இதை ஓடவிடு, நிறுத்து, எதிர்த்திசையில் திருப்பு’ என்றால் நம்மில் எத்தனை பேர் தயங்காமல் முன்வருவோம்? இக்குறை நீங்க, இயற்பியல் சோதனைச்சாலையில் ஒரு சிறு கணினியும் நான்கு மோட்டார்களும் மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தச் சிறு கணினி எது? ராஸ்பெர்ரி பை என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவானது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்க வரும் மாணவர்களின் தொகையும் முன்பயிற்சியும் குறைந்து வருவதைக் கண்டு கவலையுற்றார் எபென் அப்டன். மாணவன் அச்சமின்றிப் பிரித்துப் பூட்டிப் பார்க்கத்தக்க மலிவான கணினி ஒன்று வேண்டும் என்று அவரும் நண்பர்களும் முயன்றதன் பயனாக, 2012 பிப்ரவரி 29-ஆம் நாள் அது வெளிவந்தது. அப்போது அறிவித்த விலை 35 டாலர். 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் உடைய ஒரே பலகை. 2014-க்குப் பின் வந்த பெரும்பாலான மாதிரிகளில் பலகையின் ஓரத்தில் 40 உலோகப் பின்கள் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றை நாம் எழுதும் நிரலின் மூலம் 3.3 வோல்ட்டுக்கு உயர்த்தலாம், சுழிக்கு இறக்கலாம்.

அப்படியானால் மோட்டாரை அந்தப் பின்னிலேயே இணைத்து விடலாமே என்று தோன்றும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஒரு பின்னிலிருந்து 16 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கலாகாது. விளையாட்டுப் பொம்மையில் உள்ள மோட்டாருக்கோ சில நூறு மில்லி ஆம்பியர் வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதுகிறார். வண்டியை இழுப்பது என்ஜின். அதுபோல் கணினியின் வேலை ஆணையிடுவது மட்டுமே. மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டம் வேறொரு மின்கலத்திலிருந்து வரவேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது எல்293டி போன்ற ஒரு சிறிய ஐ.சி. நான்கு சுவிட்சுகள் ஆங்கில எச் எழுத்தின் வடிவில் நிற்க, நடுக்கோட்டில் மோட்டார் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மூலைவிட்டத்துச் சுவிட்சுகள் இரண்டையும் மூடினால் மோட்டார் ஒரு திசையில் சுழலும்; மற்ற மூலைவிட்டத்தை மூடினால் எதிர்த்திசையில் சுழலும். இத்தகைய அமைப்புகள் இரண்டு ஓர் ஐ.சி.யில் உள்ளன. ஒவ்வொன்றும் 600 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். ஆகவே நான்கு மோட்டார்களுக்கு இரண்டு ஐ.சி. போதும். மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தும்போது சுருளில் எழும் எதிர் மின்னழுத்தம் சுற்றைக் கெடுக்காதிருக்க, டயோடுகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்த லென்ஸ் விதி அங்கே காவலுக்கு ஆள் வைக்கச் சொல்கிறது!

ஒரு மோட்டார் போதாதா, நான்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மோட்டாரின் சுருள் மின்தடை 12 ஓம். அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 6 வோல்ட் என்று கொள்வோம். புறப்படும் கணத்தில் சுழற்சி இல்லை. ஆகவே எதிர் மின்னியக்கு விசையும் இல்லை. மின்னோட்டம் 0.5 ஆம்பியர். வேகம் பிடித்தபின் எதிர் மின்னியக்கு விசை 4.8 வோல்ட் ஆகிவிட்டால், மின்னோட்டம் 0.1 ஆம்பியராகக் குறைகிறது. நான்கையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் புறப்படும்போது 2 ஆம்பியர் வேண்டும். 1 ஆம்பியர் மட்டுமே தரவல்ல மின்வழங்கி அங்கே தள்ளாடிப் போகும். ஒன்று வேகம் பிடித்தபின் மற்றொன்று என்று ஓடவிட்டாலோ, நான்காவது புறப்படும்போது கூட 0.8 ஆம்பியர்தான். அதே மின்வழங்கி தாங்குகிறது. நிரலில் ஒரு வரி தாமதம் சேர்த்தால் போதும். ஓம் விதியும், கிர்க்காஃப் விதியும், லென்ஸ் விதியும் கைகோத்து வந்து நிற்கும் இந்த இடத்தை எந்தப் பாடப்புத்தகம் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியும்?

இயந்திரக் கை செய்ய விரும்புவோர் செர்வோ மோட்டாரை நாடலாம். 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்ப வேண்டும். துடிப்பின் அகலம் 1 முதல் 2 மில்லி வினாடிக்குள் மாற, அச்சும் அதற்கேற்பத் திரும்பும். பல வேலைகளுக்கிடையே கணினி இந்தத் துடிப்பையும் கவனித்தால் கை நடுங்கும். அதனால் இப்பணியைப் பிசிஏ9685 என்னும் ஐ.சி.யிடம் ஒப்படைக்கிறார்கள். இரண்டே கம்பிகளில் ஆணை பெற்று, 16 செர்வோக்களுக்கு அது துடிப்பு அனுப்பும்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் காரணத்துக்கு வருகிறேன். செய்முறைப் பயிற்சியில் விடை என்னவென்று நமக்கு முன்பே தெரியும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும், வராவிட்டால் அளவீடுகள் ‘வரவழைக்கப்படுகின்றன’. சீனியர் அண்ணன்களின் ரெக்கார்டு நோட்டு ஆண்டுதோறும் கைமாறும் கதை யாருக்குத்தான் தெரியாது? ஆனால் மோட்டாரிடம் இது செல்லாது. பிறர் எழுதிய நிரலை வரிக்கு வரி நகலெடுத்தாலும், இரு மின்வழங்கிகளின் கிரவுண்டுகளை இணைக்காவிட்டால் அது அசையாது. ஏன் அசையவில்லை என்று தேடத் தொடங்குகிறோமே, அந்த அரைமணி நேரம்தான் விஞ்ஞானம்.

‘இதெல்லாம் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு உரியது’ என்பார் உண்டு. லென்ஸ் விதி இயற்பியலுக்கு உரியதன்றோ? ‘மாணவர் கைபட்டால் எரிந்துவிடும்’ என்பார் உண்டு. எரியலாம். ஐ.சி.யைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகினால், எரிந்ததைப் பிடுங்கிவிட்டு வேறொன்று மாட்டலாம். மோட்டார்களைப் பழுதான பொம்மைகளிலிருந்தும் டி.வி.டி. பெட்டிகளிலிருந்தும் எடுக்கலாம். பழுதாகக் கூடாது என்று பீரோவில் பூட்டிய கருவி, வாங்கிய நாளிலேயே பழுதான கருவிக்குச் சமம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இக்கருவிகளைப் பிறந்தநாள் பரிசாகப் பெற்று வீட்டிலேயே பழகிக்கொள்ளும். என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்குக் கல்லூரிச் சோதனைச்சாலையை விட்டால் வேறு இடம் கிடையாது. அதன் பீரோ பூட்டியிருந்தால், எங்களுக்கு அந்த உலகமே பூட்டியிருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு மாணவருக்கு ஒரு பலகை, இரண்டு ஐ.சி., நான்கு மோட்டார். வாரத்தில் ஒரு மாலை. தொடக்கத்துக்கு இது போதும். நண்பர்களே, சாவி கிடைத்தால் மாலை வகுப்புக்கு வர நாம் தயாரா? அந்தக் கேள்விக்கு நாம்தான் விடை சொல்ல வேண்டும்.