அகராதியில் பூக்காத பிளம்

சீன மை ஓவியங்களைப் பற்றிய கட்டுரைகளில் பிளம் மலர் தலைகாட்டியவுடன் ஒரே வாக்கியம் வந்து விழுகிறது: பனியில் பூப்பதால் அது தூய்மையின், வளையாத நெஞ்சுரத்தின் குறியீடு. ஓவியத்தைப் பார்க்கும் வேலை அத்துடன் முடிந்துவிடுகிறது. இந்தச் சோம்பலை நாம் ஏற்பதற்கில்லை.

குறியீடே இல்லை என்று நாம் வாதிடவில்லை. பைன், மூங்கில், பிளம் ஆகியவை ‘குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள்’ என்பது சீன மரபில் ஊறிய செய்தி. நமது கேள்வி வேறு. பொருள் அவ்வளவே என்றால், ஓவியர்கள் ஏன் ஒருவருக்கொருவர் மாறுபட்டு வரைந்தார்கள்?

வட சோங் காலத்துத் துறவி ஜோங்ரென், நிலவொளியில் சாளரத்தில் விழுந்த கிளையின் நிழலைக் கண்டு மையால் பிளம் வரையத் தொடங்கினார் என்பது மரபுக்கதை. அவரது மலருக்குக் கோடு இல்லை. நீர்த்த மையின் கறையே இதழ். பின்வந்த யாங் வூஜியூ இதைப் புரட்டிப்போட்டார். மெல்லிய கோட்டால் இதழைச் சுற்றி வரைந்து, உள்ளே தாளை வெறுமையாக விட்டார். மை தொடாத இடமே அவரிடம் மலராயிற்று.

1165இல் அவர் வரைந்த ‘நான்கு பிளம்’ சுருள் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. நண்பர் ஒருவர் வேண்டியபடி மொட்டு, விரியும் தறுவாய், முழுமலர்ச்சி, உதிர்வு என்று நான்கு பகுதிகள். வளையாத நெஞ்சுரம்தான் பொருளெனில், அந்த நான்காம் பகுதியை என்ன செய்வது?

வாங் மியான் (1287–1359) அகராதிக்காரர்களின் செல்லப்பிள்ளை. அரசுத் தேர்வில் தோற்று, மலையில் ஒதுங்கி, பிளம் மரங்கள் நட்டு வாழ்ந்தவர். ஆனால் பட்டுத்துணியின் நீளத்திற்கேற்ப அரிசி பெற்றுக்கொண்டு அவர் வரைந்தார் என்பதையும் சோங் லியென் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அவரது கிளைகளில் துறவியின் சிக்கனம் இல்லை; பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அரிசிக்காக வரைந்ததால் அம்மலர்கள் மாசுபட்டனவா? இல்லையெனில், ‘தூய்மை’ என்று நாம் இவ்வளவு எளிதாகச் சொல்வதன் பொருள்தான் என்ன?

குறியீட்டு அகராதிக்கு இந்த மூவரும் ஒருவரே. கண்ணுக்கு அப்படியல்ல. எனவே நண்பர்களே, அடுத்த பிளம் ஓவியத்தின் முன் நிற்கையில், இதழுக்குக் கோடு உண்டா இல்லையா என்று முதலில் பாருங்கள். நெஞ்சுரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.