வாசல்ல ஒரு செக்போஸ்ட்

வெளிநாட்டுல குடும்பத்தோட இருக்கற நம்மாளுங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்குங்க. ஊர்ல இருந்து அம்மா அப்பாவை வரவழைப்போம். ஏர்போர்ட்ல கட்டிப்பிடிச்சு போட்டோ எடுப்போம். முதல் சனிக்கிழமை மெர்லயன், அடுத்த சனிக்கிழமை செந்தோசா, அதுக்கடுத்து நைட் சஃபாரி. மிச்ச நாள் பூரா பதினாலாவது மாடியில விட்டுட்டு ஆபீஸ் போயிடுவோம். பொழுதோட வந்து, "என்னம்மா, டிவி பாக்கலையா?"ன்னு கேப்போம். கேட்டா, பெத்தவங்களை நல்லா வச்சுப் பாத்துக்கறோமாம்.

இதைப் படிச்சுட்டு யாருக்காவது கோபம் வந்தா வரட்டும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன், சொல்லிடறேன்.

எனக்குச் சொந்த ஊரு வேலந்தாவளம். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வந்தா தமிழ்நாடு முடியற இடம், பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்தா கேரளா முடியற இடம். வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊருன்னா செக்போஸ்ட்டுதான் ஞாபகம் வரும். சரக்கு லாரிங்க வரிசையா நிக்கும், டிரைவருங்க சீட்டைக் கையில வச்சுகிட்டு காத்துகிட்டு இருப்பாங்க. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்த பிறகு அந்த வணிகவரிச் செக்போஸ்ட்டோட வேலை முடிஞ்சுபோச்சு. ஆனா லாரி நின்னாலும் மனுசங்க நிக்கறதில்லை. எங்க சனங்க அந்தப் பக்கம் போயி டீ குடிச்சுட்டு இந்தப் பக்கம் வந்து காய் வாங்குவாங்க. ரெண்டு மாநிலத்துலயும் கால் வச்சு நடந்து பழகுன சனம் அது.

அப்படிப்பட்டவங்களைக் கூட்டிட்டு வந்து நாம வீட்டு வாசல்ல ஒரு செக்போஸ்ட் போட்டு வச்சிருக்கோம். மகன் வந்தாத்தான் வெளிய போகலாம். மருமக கார்டைத் தட்டினாத்தான் கீழ் கேட்டு திறக்கும். சனிக்கிழமை வந்தாத்தான் கடை கண்ணியைப் பாக்கலாம்.

நான் பி.காம் படிச்சுட்டு பேங்க்ல உக்காந்திருக்கற ஆளு. எதையும் கணக்காப் பாத்தாத்தான் எனக்குப் புரியும். நான் இருக்கறது சிங்கப்பூர், அதனால இங்கத்த கணக்கையே போடறேன். நீட்டிப்பெல்லாம் வாங்கி, பெத்தவங்க 12 வாரம் தங்கறாங்கன்னு வைங்க. அதுல 60 வேலை நாள். நாம காலையில போயி ராத்திரி வர்றதுக்கு நாளைக்கு 10 மணி நேரம். ஆக 600 மணி நேரம். செந்தோசா, சஃபாரி எல்லாம் சேத்தாலும் 40 மணி நேரம் தேறாது. அந்த 40 மணி நேரத்துக்கு ஆல்பம் போடறோம். 600 மணி நேரம் எந்தப் பேரேட்டுலயும் ஏறறதில்லை.

இது சிங்கப்பூர்க் கதை மட்டும் இல்லீங்க. அமெரிக்காவுல பெத்தவங்களுக்குப் பொதுவா ஆறு மாசம் கிடைக்குது. கனடாவுல சூப்பர் விசாவுல 2022 ஜூலைக்குப் பிறகு ஒரு தடவை வந்தா அஞ்சு வருசம் வரைக்கும் இருக்கலாம். அஞ்சு வருசம்! நடைபாதையே இல்லாத ஒரு புறநகர்த் தெருவுல, கார் ஓட்டத் தெரியாத ரெண்டு வயசானவங்க அஞ்சு வருசம் என்ன செய்வாங்க? ஜன்னல்ல பனி விழறதைப் பாத்துகிட்டு இருப்பாங்களா?

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். பெத்தவங்க மாசக்கணக்குல வந்து தங்கப்போறாங்கன்னா, அவங்க தனியா நடந்துபோயி நடந்து திரும்பற மாதிரி ஒரு பேட்டையில வீடு எடுங்க. நீச்சல்குளம், ஜிம், பார்க்கிங் எல்லாம் அதுக்கப்புறம்.

நடக்கற பேட்டைன்னா எப்படி இருக்கும்? தோ பாயோவைப் பாருங்க. பேருக்கு அர்த்தம் பெரிய சதுப்பு நிலம். 1960-கள்ல வீவக அதை மேடாக்கி ஊராக்குச்சு. 1987 நவம்பர்ல சிங்கப்பூரோட முதல் எம்ஆர்டி ரயில் ஓடுனப்ப அந்தத் தடத்தோட ஒரு முனை இங்கதான். நடுவுல பஸ் நிலையம், எம்ஆர்டி, நூலகம், கடைத்தெரு. லோரோங் 8-ல ஈரச்சந்தை, அதோட ஒட்டி உணவங்காடி, அதே தெருவுல வைராவிமட காளியம்மன் கோயில். லோரோங் 6-ல 1979-ல கட்டுன டிராகன் விளையாட்டு மைதானம் இன்னும் இருக்கு, பேரனைக் கூட்டிட்டுப் போலாம். பழைய பிளாக் பலதுல தரைத்தளத்தைக் காலியா விட்டிருக்காங்க. மழை வந்தா அதுல ஒதுங்கலாம், கால் வலிச்சா பெஞ்சுல உக்காரலாம், பக்கத்து வீட்டு சீனத் தாத்தா சதுரங்கம் ஆடறதை வேடிக்கை பாக்கலாம். எம்ஆர்டியில இருந்து கூரை போட்ட நடைபாதை இருக்கு.

இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா? பிளாக் நம்பரை சுவத்துல ஆள் உயரத்துக்கு எழுதி வச்சிருப்பாங்க. பஸ்ஸுக்கும் நம்பர்தான். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத நம்ம அம்மாவுக்கு எண்ணு படிக்கத் தெரியும். வீடு திரும்பறதுக்கு அது போதும்.

"பாஷை தெரியாம எப்படிங்க?"ன்னு கேக்கறவங்களைப் பாத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது. எங்க பக்கம் வீட்டுல தமிழ், வில்லேஜ் ஆபீஸ்ல மலையாளம், பஸ் போர்டுல ரெண்டும். பாஷை புரியாத இடத்துல காரியம் சாதிக்கறது எங்கம்மாவுக்குப் புதுசு இல்லை. அவங்க வந்திருந்தப்ப சந்தையில வெண்டைக்காயை ஊர்ல மாதிரி நுனி ஒடிச்சுப் பாத்தாங்க. கடைக்காரம்மா ஹொக்கியன்ல நல்லாத் திட்டுச்சு. இவங்களும் தமிழ்ல ஏதோ சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியலை. மூணாவது வாரம் பாத்தா, அந்தம்மாவே பிஞ்சாப் பொறுக்கி ஒரு பையில போட்டு எடுத்து வச்சிருக்கு. எங்கம்மா "பெராப்பா?"ன்னு மலாய்ல விலை கேக்கறாங்க. நான் இத்தனை வருசம் இருந்தும் எனக்கு அந்தக் கடையில அந்த மரியாதை கிடைச்சதில்லை :-)

அடுத்த சாக்கு, "வாடகை அதிகம்". எதுக்குங்க அதிகம்? காண்டோவுக்கும் சந்தை பக்கத்துல இருக்கற வீவக வீட்டுக்கும் உள்ள வாடகை வித்தியாசத்தை எழுதுங்க. போன மாசம் எத்தனை தடவை நீச்சல்குளத்துல இறங்குனீங்கன்னு எழுதுங்க. முதலாவதை ரெண்டாவதால வகுங்க. ஒரு முங்கலுக்கு என்ன விலைன்னு தெரிஞ்சிடும். குழந்தைங்க தினமும் நீந்தறாங்கன்னா சரி, அது நியாயமான செலவு. இல்லேன்னா நீங்க தண்ணியைப் பாக்கறதுக்கு வாடகை கட்டறீங்க. ஒரு நிஜமான தடை இருக்கு, அதையும் சொல்லிடணும். சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாதவங்களுக்கு முழு வீவக வீட்டை வாடகைக்கு விட பேட்டைக்கு 8 சதவீதம், பிளாக்குக்கு 11 சதவீதம்னு வரம்பு இருக்கு. மலேசியாக்காரங்களுக்கு மட்டும் விலக்கு. அதனால கேட்ட பிளாக்குல கிடைக்காம போகலாம். பக்கத்து பேட்டையைப் பாருங்க. காண்டோதான் வேணும்னாலும் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் பத்து நிமிச நடையில இருக்கறதைப் பாருங்க. "எம்ஆர்டிக்குப் பக்கம்"னு ஏஜென்ட் சொன்னா, நண்பகல்ல ஒரு தடவை குடையோட நடந்து பாருங்க. ஏஜென்ட்டோட நிமிசமும் அம்மாவோட நிமிசமும் ஒண்ணு கிடையாது.

மத்த ஊர்க்காரங்களுக்கும் வழி இருக்கு. நியூஜெர்சின்னா எல்லாமே கார் ஊருன்னு முடிவு கட்டாதீங்க. ஜெர்சி சிட்டியில ஜர்னல் ஸ்குயர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துல நூவர்க் அவென்யூவுல நம்ம கடைங்க வரிசையா இருக்கு. லண்டன்ல ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டுல கோயிலும் கடையும் பாதாள ரயிலும் ஒரே தெருவுல. பாரிஸ்ல லா ஷப்பல். வீடு சின்னதாத்தான் இருக்கும். ஆனா அவங்க வந்திருக்கறது ரூமை அளந்து பாக்கறதுக்கா?

மூணாவது சாக்கு, "தொலைஞ்சு போயிட்டா?" இந்தப் பயம் நியாயமானது, அதனால இதுக்கு வேலை செய்யணும். முதல் வாரம் ஒரே ஒரு வழி: வீடு, சந்தை, வீடு. தினமும் கூடப் போங்க. ரெண்டாவது வாரம் அவங்க முன்னாடி நடக்கட்டும், நீங்க அம்பதடி பின்னாடி வாங்க. மூணாவது வாரம் தனியா. அப்புறம்தான் நூலகம், கோயில், பஸ். பிளாக் நம்பர், வீட்டு நம்பர், உங்க போன் நம்பர் எழுதுன அட்டை சட்டைப் பையிலயும் ஒண்ணு, பர்ஸ்லயும் ஒண்ணு. உள்ளூர் சிம் வேணும், வீட்டுச் சாவி வேணும், பஸ் கார்டு வேணும். பக்கத்து ஸ்டாப்புக்கு ஒன்றரை வெள்ளிகூட ஆகாது. ஆம்புலன்சுக்கு 995. மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்காம யாரையும் பிளேன் ஏத்தாதீங்க, இங்க வர்றவங்களுக்கு ஆஸ்பத்திரியில மானியம் கிடையாது. ஞாபக மறதி நோய் இருக்கறவங்க, தள்ளாடறவங்க விஷயம் வேற, அவங்ககூட ஆள் இருந்தே ஆகணும்.

முக்கியமா, அம்மா கையில தனியா காசு குடுங்க. அப்பா பாக்கெட்ல இல்லை, அம்மா பர்ஸ்ல. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில பேரம் பேசிப் பழகுனவங்க, இங்க வந்து ஒரு கோப்பிக்கு மருமககிட்ட கை நீட்டறதா? கணக்கும் கேக்காதீங்க. பத்து வெள்ளிக்கு வவுச்சர் கேக்கற ஆடிட்டர் வேலை வீட்டுக்கு வேண்டாம்.

இப்ப யாரும் வாய் திறக்காத விஷயத்துக்கு வர்றேன். நம்மள்ல பல பேர் பெத்தவங்களைக் கூப்பிடறது பேரனைப் பாத்துக்கத்தான். முதல்ல என் அம்மா அப்பா, விசா முடிஞ்சதும் அத்தை மாமா, அப்புறம் திரும்ப அம்மா. ஆள் மாத்தி ஆள் ஷிஃப்ட்டு. பாட்டி பேரனைப் பாத்துக்கறதுல தப்பே இல்லை, அவங்களுக்கும் அது ஆசைதான். ஆனா காலையில 8 மணில இருந்து ராத்திரி 7 வரைக்கும் குழந்தை, சமையல், துணி மடிக்கறதுன்னு ஓட்டிட்டு, சனிக்கிழமை மெர்லயனைக் காட்டிட்டா ஈடாயிடுமா? இதே வேலைக்கு ஆள் வச்சா சம்பளம், அரசாங்கத் தீர்வை, வாரத்துல லீவு எல்லாம் குடுக்கணும். சட்டம் அப்படி. அம்மாவுக்கு அதுல எந்தச் சட்டமும் இல்லை. அதனால நாமளே ஒரு சட்டம் போட்டுக்கணும்: தினமும் ரெண்டு மணி நேரம் அவங்களோடது. குழந்தை பாலர் பள்ளியில இருக்கட்டும், இல்லே நீங்களோ உங்க வீட்டுலயோ சீக்கிரம் வாங்க. அந்த நேரத்துல அவங்க எங்க போனாங்க, யாரைப் பாத்தாங்கன்னு விசாரணையும் வேண்டாம்.

உடம்புக்கும் இதுல கணக்கு இருக்கு. பெரியவங்க வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிசம் நடை மாதிரி மிதமான உடற்பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 65 வயசு தாண்டுனவங்களுக்கும் அதேதான். ஏழால வகுத்தா நாளைக்கு 22 நிமிசம். சந்தைக்குப் போயிட்டு வந்தா முடிஞ்சுது. சர்க்கரை மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்துக் குடுக்கற மகனுங்களே, அந்த 22 நிமிசத்தை எங்க வச்சிருக்கீங்க?

"அவங்களே வெளிய போக விரும்பறதில்லை"ன்னு கடைசியா ஒண்ணு சொல்வாங்க. ஊர்ல காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு டீக்கடைக்கு நடக்கற மனுசன், இங்க வந்ததும் நடக்கறதையே வெறுத்துட்டாராக்கும்? மகனுக்குத் தொந்தரவு வேண்டாம்னு சும்மா சொல்றாரு. நமக்கு வசதியா இருக்கறதால உடனே நம்பிடறோம்.

வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கற மாசம் வருதா? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. வேலை நாள்ல ஒரு நாள் லீவு போடுங்க. காரையும் டாக்ஸியையும் தொடாம, போன்ல வரைபடத்தைப் பாக்காம, அந்த வீட்டுல இருந்து இறங்கி காய் வாங்கி, ஒரு கோப்பி குடிச்சு, ஒரு நிழல்ல உக்காந்து, வீட்டுக்கு வாங்க. உங்களால முடியலேன்னா அவங்களாலயும் முடியாது. வேற வீடு பாருங்க.

பி.கு.: சிங்கப்பூருக்கு வர்ற பெரியவங்களுக்கு முதல் நாளே சொல்ல வேண்டியது. வெத்தலை போட்டுட்டு ரோட்டுல துப்பினா அபராதம். வாயில போடற புகையிலை இங்க தடை, பையில கொண்டு வரவே வேண்டாம். ரயில்ல முறுக்கு, தண்ணி எதுவும் கூடாது. பாதசாரிக் கடவைக்கு 50 மீட்டருக்குள்ள இருந்துகிட்டு குறுக்கால ரோட்டைத் தாண்டக்கூடாது. நம்மூர்ல கையைக் காட்டிட்டு லாரிக்கு முன்னாடி நடக்கற பழக்கத்தை மட்டும் ஊர்லயே விட்டுட்டு வரச் சொல்லுங்க.